கணக்கில் முழு மதிப்பெண், கருத்தில் தடுமாற்றம்: இயக்கமும் விசையும் பாடத்துக்கு வினா அமைப்பது எப்படி?

கரும்பலகை:

வணக்கம். இயக்கமும் விசையும் பற்றிய தொடக்கப் பாடத்தை முடித்த கையோடு ஒரு தேர்வு வைத்தேன். கிடைத்தளத்தில் உள்ள 2 கிலோகிராம் கட்டையை 10 நியூட்டன் விசையால் இழுக்கும்போது 4 நியூட்டன் உராய்வு எதிர்த்தால் முடுக்கம் என்ன என்ற கணக்குக்கு, ஏறக்குறைய எல்லோருமே 3 மீ/வி² என்று சரியாக எழுதியிருந்தார்கள். மறுநாள் அதே கட்டை மாறாத் திசைவேகத்தில் நகர்ந்துகொண்டே இருக்க எவ்வளவு விசை வேண்டும் என்று வாய்மொழியாகக் கேட்டபோது, "4 நியூட்டனைவிடச் சற்றுக் கூடுதலாக" என்று பாதி வகுப்பு ஒரே குரலில் சொன்னது. சரியான விடை 4 நியூட்டன்தான்.

அத்தோடு நிற்கவில்லை. செங்குத்தாக மேலே எறியப்பட்ட நாணயம் கையை விட்டு விலகி மேலேறிக்கொண்டிருக்கும்போது அதன்மேல் செயல்படும் விசைகளை, காற்றுத்தடையைப் புறக்கணித்து, வரையச் சொன்னேன். முதல் மதிப்பெண் பெற்ற மாணவியே எடைக்கு ஒரு சிறிய அம்புக்குறியும், மேல்நோக்கி அதைவிட நீளமான இன்னொன்றும் வரைந்து, அதற்குக் "கையின் விசை" என்று பெயரும் எழுதியிருந்தாள். அப்படியானால் என் தேர்வு எதைத்தான் அளந்தது? வினாத்தாளை எப்படி மாற்றினால் இந்தக் குழப்பம் தேர்விலேயே வெளிப்படும்?

சாய்தளம்:

உங்கள் தேர்வு அளந்தது, சமன்பாட்டைத் தேர்ந்து எண்களைப் பிரதியிடும் திறமையை. அதுவும் வேண்டியதுதான், ஆனால் விசை என்றால் என்னவென்று மாணவர் மனத்தில் ஏற்கெனவே குடியிருக்கும் எண்ணத்தை அது தொடுவதே இல்லை. அந்த மாணவியின் நீண்ட அம்புக்குறியைக் கவனக்குறைவு என்று தள்ளிவிடாதீர்கள். எறியப்பட்ட பொருளுக்குள் ஒரு உந்துதல் தங்கி அதை எடுத்துச் செல்கிறது என்று 14-ஆம் நூற்றாண்டில் ஜான் புரிடான் போன்ற அறிஞர்களே வாதிட்டிருக்கிறார்கள். அவளுடைய தவறுக்கு நல்ல துணை இருக்கிறது.

இதற்காகவே டேவிட் ஹெஸ்டனஸ், மால்கம் வெல்ஸ், கிரெக் சுவாக்ஹேமர் ஆகிய மூவரும் 1992-இல் விசைக் கருத்துச் சோதனை ஒன்றை வெளியிட்டார்கள். இன்று பயன்பாட்டில் உள்ள வடிவத்தில் 30 வினாக்களும் ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகளும் உண்டு. கணக்குப் போட வேண்டிய வினா ஒன்றுகூட இல்லை. அதன் வலிமை தவறான விடைகளில் இருக்கிறது. மாணவர்கள் உண்மையிலேயே நம்புகிறவற்றைத் திரட்டி அமைத்த விடைகள் என்பதால், ஒருவர் எதைத் தேர்ந்தார் என்பதே அவர் எப்படிச் சிந்திக்கிறார் என்பதைக் காட்டிவிடும். ஹார்வர்டின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் இதன் முன்னோடியான சோதனையைத் தம் வகுப்பில் வைத்தபோது, நீங்கள் கற்பித்தபடி எழுதவா, நான் நினைப்பதுபோல் எழுதவா என்று ஒரு மாணவர் கேட்டதாக அவரே கூறியிருக்கிறார்.

எனவே நாணய வினாவுக்கு விடைகளை நீங்களாகக் கற்பனை செய்யாமல், உங்கள் வகுப்பு வரைந்த படங்களிலிருந்தே எடுங்கள்: எடை மட்டும், எடையோடு மாறாத மேல்நோக்கிய விசை, எடையோடு படிப்படியாகக் குறைந்துவரும் மேல்நோக்கிய விசை. சரியான விடை முதலாவது; ஆனால் மூன்றாவதுதான் நல்ல மாணவர்களைக் கவர்ந்திழுக்கும்.

ஊசல்:

சாய்தளம் சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் கொள்குறி வினாவுக்கு முழுவதுமாக மாறிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் சரியான விடையைத் தவறான காரணத்துக்காகத் தேர்ந்தவரை அது காட்டிக்கொடுக்காது. கணக்கையே சற்றுத் திருகினால் போதும்.

என் வழக்கமான வினா இது. 50 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் மேலே சென்றுகொண்டிருக்கும் மின்தூக்கியில் நிற்கிறார். மேல்தளத்தை நெருங்கும்போது அதன் வேகம் வினாடிக்கு 2 மீ/வி வீதம் குறைகிறது. தளம் அவர்மீது செலுத்தும் செங்குத்து விசை எவ்வளவு? ஈர்ப்பு முடுக்கத்தை 10 மீ/வி² என்று கொண்டால் விடை 400 நியூட்டன். "மேலே போகிறது, எனவே கூட்ட வேண்டும்" என்று நினைப்பவர் 600 என்று எழுதுவார். இயக்கத்தின் திசையையும் முடுக்கத்தின் திசையையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்பவரை அந்த ஒரே எண் அடையாளம் காட்டிவிடுகிறது. விசைப்படத்துக்கு மூன்று மதிப்பெண்ணும் எண் விடைக்கு ஒரே மதிப்பெண்ணும் ஒதுக்கிப் பாருங்கள். படம் வரையாமல் சூத்திரத்துக்குத் தாவும் பழக்கம் விரைவில் குறைந்துவிடும்.

கரும்பலகை:

இருவருக்கும் நன்றி. மின்தூக்கி வினாவை இன்றே கொடுத்துப் பார்த்தேன். 600 என்ற விடை நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். இன்னும் ஒரு ஐயம். பாடத்துக்கு முன்பும் பின்பும் ஒரே சோதனையை வைத்தால், முன்பே ஓரளவு தெரிந்தவரையும் ஒன்றும் தெரியாதவரையும் எப்படி ஒப்பிடுவது? நியூட்டனின் மூன்றாம் விதிக்கும் நல்ல வினா கிடைக்கவில்லை.

சாய்தளம்:

மதிப்பெண் எவ்வளவு உயர்ந்திருக்கிறதோ அதை, உயர வாய்ப்பிருந்த அளவால் வகுங்கள். வகுப்புச் சராசரி 40 விழுக்காட்டிலிருந்து 70-க்கு வந்திருந்தால், 60-இல் 30 கிடைத்திருக்கிறது, ஈட்டம் 0.5. ரிச்சர்ட் ஹேக் 1998-இல் 62 பாடவகுப்புகளின், ஏறத்தாழ 6500 மாணவர்களின் முடிவுகளை இந்த அளவையில் ஒப்பிட்டார். விரிவுரையை மட்டுமே நம்பிய வகுப்புகளின் சராசரி 0.23, மாணவர்கள் தங்களுக்குள் விவாதித்துச் சிந்திக்க இடமளித்த வகுப்புகளுக்கு 0.48. ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: முதல் சோதனையின் விடைகளை வகுப்பில் விளக்கிவிட்டால், இரண்டாவது சோதனை நினைவாற்றலைத்தான் அளக்கும்.

மூன்றாம் விதிக்கு, "ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு" என்று ஒப்பிக்க வைக்கும் வினா எதற்கும் உதவாது. மேசைமேல் இருக்கும் புத்தகத்தின் எடைக்கு எதிர்விசை எது, அது எந்தப் பொருளின்மேல் செயல்படுகிறது என்று கேளுங்கள். பெரும்பாலோர் மேசையின் செங்குத்து விசையைச் சொல்வார்கள், ஏனெனில் அதுவும் அதே அளவில் எதிர்த்திசையில் இருக்கிறது. ஆனால் அவை இரண்டும் புத்தகத்தின்மேலேயே செயல்படுகின்றன. எடையின் இணை, புத்தகம் பூமியை மேல்நோக்கி ஈர்க்கும் விசை. பிறகு, ஊசல் சொன்ன மின்தூக்கி மேல்நோக்கி முடுக்கமடைவதாகக் கொண்டு, அதே மேசையோடு புத்தகத்தை அதற்குள் வைத்து, புத்தகத்தின் எடையும் மேசையின் செங்குத்து விசையும் இன்னும் சமமா என்று கேளுங்கள்.