ஐந்தாம் சக்கரமா, ஸ்டெப்னியா? வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

செ.ம., ஸ்கார்பரோ. திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம்.

உள்ளேயே தங்கிப் பயணம் போகும் வீட்டு வண்டிகளை வாடகைக்கு விடும் ஒரு நிறுவனத்தின் 38 பக்கக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி காலை ஒப்படைக்க வேண்டும். மூன்றாம் பக்கத்திலேயே சிக்கிவிட்டேன். சிக்கல் ‘ஃபிஃப்த் வீல்’.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். சாதாரண டிரெய்லரைப் பிக்கப்பின் பின்பம்பருக்குக் கீழே ஓர் உருண்டையில் மாட்டுவார்கள். இது அப்படி அல்ல. வண்டியின் முன்பகுதி மேலெழுந்து, பிக்கப்பின் சுமைத்தட்டுக்கு மேலே வந்து அமரும். அதன் அடியில் ‘கிங்பின்’ என்ற தடித்த ஆணி ஒன்று தொங்கும். பிக்கப்பின் பின்னச்சுக்கு நேர் மேலே, அல்லது சற்று முன்னே, லாட வடிவத்தில் ஒரு தகடு பொருத்தியிருக்கும். ஆணி அதற்குள் புகுந்ததும் தாடை மூடிக்கொள்ளும். தகட்டுக்கும் அந்தப் பெயர்தான், அப்படி இழுக்கப்படும் வண்டிக்கும் அதே பெயர்தான்.

அந்த ஆணி, அது தட்டில் இறக்கும் எடை, ‘ஆட்டோமேட்டிக் டீசல் பிக்கப்’, சுமை இழுக்கும்போது அழுத்தும் ‘டோ ஹால்’ பொத்தான் ஆகியவற்றுக்கும் சொல் வேண்டும். உதவுங்கள்.

ந.பொ., கோவை. செவ்வாய் காலை

ஐந்தாம் சக்கரம். வேலை முடிந்தது. ஆணிக்கு ‘அரசாணி’ என்று வைக்கலாமா? நேர்ப்பொருள்தான். ஆனால் எங்கள் ஊரில் அரசாணி என்றால் சாம்பாருக்குப் போடும் காய். தட்டில் பூசணி சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னதாகிவிடும்.

ரா.க., சங்ககிரி. செவ்வாய் காலை

முடியவில்லை, ஐயா. நம் ஊரில் யாரிடமாவது வண்டியின் ஐந்தாவது சக்கரம் எது என்று கேளுங்கள். ஸ்டெப்னி என்பார்கள். நான்கு ஓடும், ஐந்தாவது தூங்கும். அந்தச் சொல்லே வேல்ஸ் நாட்டில் லனெல்லி ஊரின் ஒரு தெருப்பெயர். மாற்றுச் சக்கரம் செய்து விற்றவர்கள் அந்தத் தெருவில் இருந்தார்கள். ஆங்கிலேயன் மறந்துவிட்டான், நாம் விடவில்லை.

இன்னொன்று. ‘கிங்பின்’ என்று அப்படியே எழுதலாம் என்று யாராவது சொல்லுமுன் தடுத்துவிடுகிறேன். பட்டறையில் அந்தப் பெயர் லாரியின் முன்னச்சில், சக்கரம் திரும்புவதற்காக இருக்கும் முளைக்கு ஏற்கெனவே போய்விட்டது. ‘கிங்பின் தேய்ந்துவிட்டது’ என்றால் மெக்கானிக் முன்சக்கரத்தைத்தான் தூக்குவார்.

கு.வே., தஞ்சாவூர். செவ்வாய் மாலை

அன்புடையீர்,

ஐந்தாவதை விடுங்கள். ‘சக்கரம்’ எப்போது தமிழாயிற்று? ஆழி, திகிரி, உருளி, கால் என நான்கு சொற்கள் இருக்கும்போது ஏன் கடன் வாங்க வேண்டும்?

ஐந்தாவது என்று ஏன் எண்ணினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். மேலைநாட்டுக் குதிரை வண்டிக்கு நான்கு சக்கரம். முன்னச்சு தனியாகத் திரும்புவதற்காக, அதன் மேல் ஒரு வளையத்தைப் படுக்கையாக வைத்தார்கள். தரையைத் தொடாத அந்த வளையமே ஐந்தாவது. நமக்கு அந்தத் தேவை எழவில்லை. நம் மாட்டுவண்டிக்கு இரண்டே சக்கரம். நுகம் திரும்பினால் வண்டி திரும்பும். நான்கு சக்கரத் தேருக்கோ அச்சு அசையாது. முட்டுக்கட்டை போட்டுத்தான் திருப்புவோம். பொருள் இல்லாத இடத்தில் சொல்லும் இல்லை.

ஆனால் படுக்கையாகச் சுழலும் சக்கரம் நம்மிடம் உண்டு. குயவரின் சக்கரத்தைப் புறநானூறு (32) ‘தேர்க்கால்’ என்றே சொல்கிறது. எனவே ‘கிடைக்கால்’ என்று வைக்கலாம். எண் வேண்டுமென்றால் ஐந்தாழி.

ஆணிக்கு எங்கும் அலைய வேண்டாம். நுகத்தின் நட்டநடுவே செருகும் ஆணி பகலாணி. பகல் என்றால் நடு. ‘நெடுநுகத்துப் பகல்போல நடுவு நின்ற நன்னெஞ்சினோர்’ என்று பட்டினப்பாலை வணிகர்களைப் போற்றுவது அதை வைத்துத்தான்.

ந.பொ., கோவை. செவ்வாய் மாலை

> ஐந்தாழி

ஐந்து கடல் என்று படிப்பேன். மோதிரத்துக்கும் ஆழி என்றுதான் பெயர். ‘கிடைக்கால்’ கிடைக்காது என்று கேட்கிறது.

தி., கால்கரி. புதன் அதிகாலை

வணக்கம். நான் பதினெட்டுச் சக்கர லொறி ஓட்டுகிறவன். சொந்தமாக ஒரு டீசல் பிக்கப்பும் இப்படி ஒரு வீட்டு வண்டியும் உண்டு. இலக்கணம் அதிகம் தெரியாது. ஐயா பொறுத்தருள வேண்டும்.

பெயர் எதுவானாலும், எடைக்கு வைக்கும் சொல் தெளிவாக இருக்க வேண்டும். அக்கா கேட்டதில் முக்கியமானது அதுதான். பம்பரில் மாட்டும் டிரெய்லர் தன் எடையில் 10 முதல் 15 விழுக்காட்டைக் கொக்கியில் இறக்கும். இது 15 முதல் 25 வரை இறக்கும். 6,000 கிலோ வண்டி என்றால் 1,200 கிலோ அளவில் தட்டில் உட்காரும். அதோடு கொக்கியின் எடை, வீட்டுக்காரி, பிள்ளைகள், குளிர்பெட்டி எல்லாம் சேரும். டீசல் எஞ்சினே கனமானது. அதனால் அதே மாதிரியின் பெட்ரோல் வண்டியைவிட இதற்குச் சுமக்கும் வரம்பு பெரும்பாலும் குறைவு. இழுக்கும் வலு இருக்கிறதே என்று வாங்கிவிடுவார்கள். சுமக்கும் வரம்பு ஓட்டுநர் கதவோரத்து ஒட்டியில் எழுதியிருக்கும். அதைப் பார்ப்பவர் குறைவு. இழுப்பது வேறு, சுமப்பது வேறு. இரண்டுக்கும் ‘இழுவைத்திறன்’ என்று ஒரே சொல்லைப் போட்டுவிடாதீர்கள், அக்கா.

‘தானியங்கி டீசல் பிக்கப்’ என்று எழுதினால் எங்கள் சனம் ஓட்டுநர் இல்லாமல் போகும் வண்டி என்று நினைக்கும். கியர்தான் தானாக மாறுகிறது. வண்டி தானாகப் போகவில்லை.

‘டோ ஹால்’ பொத்தானை அழுத்தினால் கியர் சீக்கிரம் மேலே ஏறாது. இறக்கத்தில் தானே கீழே இறங்கி, எஞ்சினாலேயே வேகத்தைப் பிடிக்கும். புகைவழியை நெரித்து வேகத்தைக் குறைக்கும் பிரேக்கும் சேர்ந்தால் காலுக்கு வேலை குறைவு. பிரிட்டிஷ் கொலம்பியாவின் கொக்கிஹாலா கணவாய் 1,244 மீட்டர். அங்கிருந்து ஹோப் ஊருக்கு இறங்கும்போது கால்பிரேக்கையே நம்பியவர்களின் வண்டியிலிருந்து வரும் வாசனையை நான் மறக்க மாட்டேன்.

கு.வே., தஞ்சாவூர். புதன் காலை

தம்பி தி. சொன்னதை அப்படியே ஔவையார் பாடியிருக்கிறார். புறநானூறு 102: ‘அவல் இழியினும் மிசை ஏறினும் அவணது அறியுநர் யார்’ என்று அஞ்சி, உப்பு வணிகர் வண்டிக்கு அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போனார்களாம். ரா.க. அவர்களின் ஸ்டெப்னிக்குச் ‘சேமச் சக்கரம்’ என்ற பெயர் ஆயத்தமாக இருக்கிறது! எடைக்கோ, மயிலிறகேயானாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்ற குறள் (475) இருக்கிறது. கையேட்டின் முகப்பில் போடலாம்.

செ.ம., ஸ்கார்பரோ. புதன் இரவு

ஐயா, முகப்பில் நிறுவனத்தின் சின்னம்தான் இருக்கும்.

இதைப் படிக்கப்போகிறவர் டொரொன்டோ பக்கத்து மார்க்கம் ஊரிலோ பிரம்டனிலோ இருக்கும் ஒரு தகப்பன். ஒன்டாரியோவில் கார் ஓட்டும் சாதாரண ‘ஜி’ உரிமத்தோடு 4,600 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லரை இழுக்கக்கூடாது என்பதை அவருக்கு நான் தமிழில் புரியவைத்தாக வேண்டும். அவர் கடைக்குப் போய் ‘பகலாணி’ என்றால் கடைக்காரர் விழிப்பார். இவர் வண்டியடியில் பகலாணியைத் தேடினால் பகல் முழுக்கத் தேடுவார்.

‘டிரெய்லர்’ என்பதற்கே எனக்குத் தயக்கம். ஊரில் உழவு இயந்திரத்துக்குப் பின்னால் ஓடுவதைப் ‘பெட்டி’ என்போம். இங்கே பெட்டி என்று எழுதினால் பயணப்பெட்டி ஆகிவிடுகிறது.

ரா.க., சங்ககிரி. வியாழன் காலை

‘இழுவண்டி’ என்று போடுங்கள், அம்மா. வினைத்தொகை, கு.வே. ஐயாவும் மறுக்கமாட்டார். தகட்டுக்குப் ‘பூட்டுத்தட்டு’, ஆணிக்குப் ‘பூட்டாணி’, எடைக்கு ‘ஆணிச்சுமை’. மாட்டைப் பூட்டிய சனத்துக்குப் பூட்டு புரியும்.

ந.பொ., கோவை. வியாழன் காலை

பூட்டாணி நன்று. ஐந்தாம் சக்கரத்துக்கு இன்னொரு ஐயம்: ‘ஐந்தாம் படை’ என்று பழகிய காதுக்கு, கூட இருந்தே குழிபறிக்கும் சக்கரமாகத் தோன்றாதா?

தி., கால்கரி. வியாழன் காலை

சரியாகப் பூட்டாவிட்டால் அது குழிதான் பறிக்கும். ஆணி தாடைக்குள் இறங்காமல் மேலேயே உட்கார்ந்திருக்கும். பார்த்தால் பூட்டியதுபோல் இருக்கும். அதனால் தாங்குகால்களைத் தரையிலிருந்து முழுதும் தூக்குமுன், இழுவண்டியின் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு பிக்கப்பை மெல்ல முன்னே இழுத்துப் பார்க்க வேண்டும். பிக்கப் விலகிப் போகாமல் நின்ற இடத்திலேயே நின்றால் பூட்டு விழுந்திருக்கிறது. இதற்கு ‘இழுத்துப் பார்த்தல்’ என்றே எழுதுங்கள், அக்கா. இதற்கும் ஒரு தொகைச்சொல் தேடாதீர்கள்.

செ.ம., ஸ்கார்பரோ. வியாழன் நள்ளிரவு

எல்லோருக்கும் நன்றி. கண் சொருகுகிறது. நான் எழுதப்போவது:

பூட்டுத்தட்டு, பூட்டாணி, ஆணிச்சுமை, சுமைவரம்பு, இழுவைவரம்பு. வண்டிக்கு ‘ஐந்தாம் சக்கர இழுவண்டி’. முதல்முறை வரும் இடத்தில் ‘கடையில் ஃபிஃப்த் வீல் என்பார்கள்’ என்று ஒரு வரி. பிக்கப், டீசல் அப்படியே. ‘தானாகக் கியர் மாறும்’ என்று விரித்தே எழுதுகிறேன். பொத்தானுக்கு ‘இழுவை நிலை’.

ஸ்டெப்னிக் குழப்பம் தீரவில்லை என்பது தெரியும். நல்லவேளையாக இங்கே அந்தச் சொல் யாருக்கும் தெரியாது.

ரா.க., சங்ககிரி. வெள்ளி காலை

எனக்குத் தெரியுமே. இருந்தாலும் சரி.

கு.வே., தஞ்சாவூர். வெள்ளி காலை

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன். என் குறிப்பேட்டில் கிடைக்கால் என்றே இருக்கும். சக்கரம்தான் என்று முடிவுசெய்துவிட்டீர்கள். ‘ஐந்தாஞ்சக்கரம்’ என்று சேர்த்தாவது எழுதியிருக்கலாம்.