ஃபெலிக்ஸ் ரோஹட்டின் காப்பாற்றியது நியூயார்க்கையா, கடன் கொடுத்தவர்களையா?

ஆற்றோரம்:
வால் ஸ்ட்ரீட் வங்கியாளர்கள் எல்லோருமே ஊரை அடித்து உலையில் போடுகிறவர்கள் என்று செங்கல் சென்ற வாரம் எழுதியிருந்தார். என்னால் ஏற்க முடியவில்லை. ஃபெலிக்ஸ் ரோஹட்டினைப் பாருங்கள். 1928இல் வியன்னாவில் பிறந்த யூதச் சிறுவன். 1940இல் நாஜிப் படை பாரிஸை நெருங்கியபோது, பற்பசைக் குழாய்களுக்குள் தங்க நாணயங்களை ஒளித்துக்கொண்டு தெற்கே ஓடிய குடும்பம். பிரேசில் தூதர் சோசா டாண்டாஸ் தன் அரசின் தடையை மீறிக் கொடுத்த விசாவால்தான் உயிர் பிழைத்தார்கள். 1942இல் நியூயார்க் வந்து, இயற்பியல் படித்து, லசார்ட் முதலீட்டு வங்கியில் சேர்ந்து, அங்கே மூத்தவரான ஆந்த்ரே மேயரிடம் தொழில் கற்று 1961இல் பங்குதாரர் ஆனார்.

1975இல் நியூயார்க் நகரம் திவாலாகும் நிலைக்கு வந்தபோது ஆளுநர் ஹியூ கேரி கூப்பிட்டது இவரைத்தான். நகரத்துக்காகக் கடன் திரட்டும் மாநில அமைப்பான நகராட்சி உதவிக் கழகம், சுருக்கமாக மேக், அப்போது உருவானது. அதில் 1993 வரை சம்பளம் வாங்காமல் உழைத்தார். அடைக்கலம் தந்த ஊருக்கு ஒருவர் இதைவிட என்ன செய்துவிட முடியும்?

செங்கல்:
அவர் பட்ட துன்பத்தை நான் மதிக்கிறேன். ஆனால் 1975இல் காப்பாற்றப்பட்டது யார்? சுரங்க ரயில் கட்டணம் 35 சென்ட்டிலிருந்து 50 சென்ட் ஆனது. ஊழியர்களின் ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டது. பல்லாயிரம் பேருக்கு வேலை போனது. போலீஸ்காரர்களும் குப்பை அள்ளுகிறவர்களும் அதில் அடக்கம். 1847 முதல் இலவசமாக இருந்த நகரப் பல்கலைக்கழகப் படிப்புக்கு 1976இல் கட்டணம் வந்தது. குடியேறிகளின் பிள்ளைகள் படித்து மேலே வந்த ஏணி அது. ஒரு அகதியே அதற்குத் துணை போனார் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

கணக்கர்:
கடன் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நோய் 1975இல் வந்ததல்ல. பாலம், பள்ளிக்கூடம் கட்டுவதற்கான மூலதனக் கணக்கில் அன்றாடச் செலவை எழுதினார்கள். வராத வரியை வரும் என்று காட்டி, அதன் பேரில் குறுகிய காலக் கடன் பத்திரம் விற்றார்கள். பழைய பத்திரத்தை அடைக்கப் புதுப் பத்திரம். அந்தக் கடன் மட்டும் ஏறக்குறைய 600 கோடி டாலர். 1975 வசந்தத்தில் வங்கிகள் இனி வாங்க மாட்டோம் என்றதும் எல்லாம் நின்றுபோனது.

மேக்கின் உத்தி எளிமையானது. நகரத்தின் விற்பனை வரியையும் பங்குப் பரிவர்த்தனை வரியையும் மாநிலத்தின் கைக்கு மாற்றி, அதை மேக் பத்திரங்களுக்கு ஈடாக வைத்தார்கள். நகரத்தை நம்பாதவரும் அந்த வரியை நம்புவார் என்பது கணக்கு. அப்படியும் ஆகஸ்டில் வாங்க ஆளில்லை. அதனால்தான் செப்டம்பரில் நகரத்தின் வரவுசெலவைக் கட்டுப்படுத்தும் நிதிக் கட்டுப்பாட்டு வாரியம் வந்தது.

செங்கல்:
அதையேதான் நானும் சொல்கிறேன் ஐயா. மக்கள் கட்டும் வரி முதலில் பத்திரக்காரருக்கு, மிச்சம் நகரத்துக்கு. வாரியத்தில் மூன்று பேர் தனியார் நிறுவன அதிகாரிகள், யாரும் அவர்களுக்கு ஓட்டுப் போடவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. 1977இல் பங்குச் சந்தை ஆணையத்தின் அறிக்கை மேயர் பீமை மட்டும் குறை சொல்லவில்லை. நிலைமை தெரிந்தும் அந்தப் பத்திரங்களைச் சாதாரண மக்களிடம் விற்ற பெரிய வங்கிகளையும் சொன்னது. அந்த வங்கிகளில் எத்தனை பேருக்கு வேலை போனது?

ஆற்றோரம்:
வங்கிகள் செய்தது தப்புதான். ஆனால் 1975 அக்டோபர் 17ஐ நினைத்துப் பாருங்கள். அன்று 45 கோடி டாலருக்கு மேல் கட்ட வேண்டும், கையில் பணமில்லை. திவால் மனு தயாராக இருந்தது. ஆசிரியர் சங்கத் தலைவர் ஆல்பர்ட் ஷாங்கர் பிற்பகலில்தான் இறங்கி வந்து, ஓய்வூதிய நிதியிலிருந்து 15 கோடி டாலருக்கு மேக் பத்திரம் வாங்கச் சம்மதித்தார். அக்டோபர் 29இல் அதிபர் ஃபோர்டு உதவ முடியாது என்றே பேசினார். டெய்லி நியூஸ் நாளிதழ் மறுநாள் போட்ட ‘நகரத்துக்கு ஃபோர்டு சொன்னது: செத்துப்போ’ என்ற தலைப்பு ஊருக்கே தெரியும். திவாலாகியிருந்தால் ஒப்பந்தங்களும் ஓய்வூதியமும் ஒரு நீதிபதி கையில் போயிருக்கும். ரோஹட்டின் தொழிற்சங்கத்தை மேசைக்கு வெளியே நிறுத்தவில்லை. நகராட்சி ஊழியர் சங்கத் தலைவர் விக்டர் காட்பாம் கடைசியில் அவருக்கு நெருங்கிய நண்பரே ஆனார்.

மல்லிகை:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ஐடிடி விவகாரத்தை இரண்டு பேருமே தொடவில்லையே! ஹரோல்ட் ஜெனீன் தலைமையிலான ஐடிடி என்ற பெருநிறுவனம் ஹார்ட்ஃபோர்ட் காப்பீட்டு நிறுவனத்தை விழுங்கியபோது, ஏகபோகத் தடை வழக்கை முடிக்க அமெரிக்க அரசின் நீதித் துறை அமைச்சகத்தின் உயர் அதிகாரி கிளைண்டீன்ஸ்டை நேரில் போய்ப் பார்த்தவர், ஐடிடியின் இயக்குநராகவும் இருந்த ரோஹட்டின். 1972இல் செனட் விசாரணையில் அது வெளியே வந்தது, பெயர் கெட்டது. 1975 அவருக்கும் ஒரு மறுவாழ்வுதான்.

ஆனால் அரசு பணம் போட்டு ரயிலும் பாலமும் கட்ட வேண்டும் என்று கடைசி வரை வாதாடிய வங்கியாளரும் அவரே. கடன் வாங்கி நிறுவனங்களைக் கைப்பற்றும் 1980களின் மோகத்தை எதிர்த்தும் பேசினார். அதே மாதிரி கடனில் கைப்பற்றப்பட்ட சிகரெட், பிஸ்கட் நிறுவனமான ஆர்ஜேஆர் நபிஸ்கோவின் 1988 விற்பனையில் இயக்குநர்களுக்கு ஆலோசகராக உட்கார்ந்ததும் அவர்தான். இரண்டும் ஒரே ஆள் என்பதை நான் இன்னும் ஜீரணிக்கவில்லை.

கணக்கர்:
செங்கல், பத்திரக்காரர்கள் நோகாமல் போனார்கள் என்பது முழுசாகச் சரியல்ல. நவம்பர் 1975இல் குறுகிய காலப் பத்திரங்களின் அசலை மூன்று வருடம் தள்ளிவைத்துச் சட்டமே போட்டார்கள். அவர்களும் தவித்தார்கள்.

செங்கல்:
சரி, அதை ஏற்கிறேன். ஆனால் அந்தச் சட்டம் செல்லாது என்று ஒரே வருடத்தில் மாநில உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டதே! பத்திரக்காரருக்கு நீதிமன்றம் இருந்தது. கட்டணம் கட்ட முடியாமல் கல்லூரியை விட்ட பிள்ளைக்கு எது இருந்தது? மேக் தன் கடனை அடைத்து 2008இல் மூடியும் விட்டது. கல்லூரிக் கட்டணம் இன்னும் இருக்கிறது.

ஆற்றோரம்:
கல்லூரி விஷயத்தில் உங்களோடு சண்டை போட மாட்டேன், அது போயிருக்கக் கூடாது. திவால் இதைவிடக் கொடுமையாக இருந்திருக்கும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். 1977 அறிக்கையை நான் படித்ததில்லை. படித்துவிட்டு இதே இழையில் எழுதுகிறேன்.