டிராக்டர் லோடரில் பழைய பனி தள்ளும் பிளேடு மாட்ட முடியுமா?

கேள்வி: கனடாவின் ஒன்டாரியோ. 35 குதிரைத்திறன் டிராக்டர், முன் லோடர் (பக்கெட்டைத் தூக்கும் கைகள்). பிக்கப்பிலிருந்து கழற்றிய ஏழரை அடி பிளேடு கையில் இருக்கிறது. பக்கெட் விளிம்பில் கிளாம்ப் போட்டால் போதுமா? சரளைப் பாதை.

பதில் 1: கிளாம்ப் வேண்டாம், பக்கெட் உதடு வளைந்துவிடும். பக்கெட்டைக் கழற்றி, குயிக்-அட்டாச் தகடு (லோடர் கையில் சட்டென மாட்டிக் கழற்றும் தகடு) வாங்கி, பிளேடின் ஏ-ஃபிரேமை (பின்னாலுள்ள முக்கோணச் சட்டம்) அதில் வெல்ட் செய்யுங்கள். ட்ரிப் ஸ்பிரிங்கை மட்டும் கழற்றிவிடாதீர்கள். கல்லில் இடித்தால் பிளேடு மடங்கித் தப்பிப்பது அதனால்தான். பிளேடை இடம் வலம் திருப்பும் ஹைட்ராலிக் சிலிண்டர் இரண்டும் ஒருபக்க அழுத்த வகையாக இருந்தால், மூன்றாம் வால்வின் (லோடரின் கூடுதல் ஹைட்ராலிக் வால்வு) ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒன்று. நடுவில் கிராஸ்-ஓவர் ரிலீஃப் வால்வு (அழுத்தம் மிஞ்சினால் எண்ணெயை மறுபக்கம் விடுவது) கட்டாயம், இல்லையேல் இடித்த வேகத்தில் ஹோஸ் வெடிக்கும்.

பதில் 2: எனக்குப் பயம் லோடர் கையைப் பற்றித்தான். அது நேராகத் தூக்கச் செய்தது, பக்கவாட்டு அடி தாங்காது. பிளேடைச் சாய்த்து வைத்து மூலை கல்விளிம்பில் மோதினால் கை முறுகும். முதல் கியர், மெதுவாக.

சரளைக்கு, பிளேடைத் தாங்கிச் சறுக்கும் ஷூவை வெட்டுவிளிம்புக்குக் கீழே ஓரங்குலம் இறக்கி, லோடர் லீவரை ஃப்ளோட்டில் (தரைக்கேற்ப பிளேடு தானே ஏறி இறங்கும் நிலை) விடுங்கள். கீழே அழுத்தினால் முன்சக்கரம் தூக்கி ஸ்டியரிங் போய்விடும். பின்னால் எடைப்பெட்டியும் டயர் சங்கிலியும் மறக்க வேண்டாம்.