ஃபிளேர் கணக்கு: ராத்திரி ஒன்றரை மணியை நம்பலாமா?

குழாய்க்காரன்:
பக்கத்து இழையில் ஒருவர், "எண்ணெய் வயலில் கொளுத்தும் எரிவாயுவை (ஃபிளேர்) செயற்கைக்கோள் துல்லியமாக அளக்கிறது, இனி எவரும் பொய்க்கணக்குக் காட்ட முடியாது" என்று எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. ஒன்பது வருடம் எண்ணெய் வயலில் நின்றவன் நான். எண்ணெயையும் வாயுவையும் பிரிக்கும் செப்பரேட்டரில் அழுத்தம் ஏறினால் சுடர் பத்து நிமிடம் பனை உயரத்துக்கு எழும்பும், அப்புறம் சுருங்கி அணையாமல் எரியும் சிறு பைலட் சுடர் மட்டும் நிற்கும். செயற்கைக்கோளில் உள்ள வீர்ஸ் கருவி மேலே கடப்பதோ ராத்திரி ஒன்றரை மணி வாக்கில். அந்த நொடியில் பார்த்தது கணக்காகுமா?

விண்நோக்கி:
எழுதியது நான்தான். ஒரு நொடியை யாரும் கணக்காக எடுப்பதில்லை. மேகமில்லாத இரவுகளை வருடம் முழுக்கச் சேர்த்துச் சராசரி போடுகிறார்கள். 1.6 மைக்ரான் அகச்சிவப்பு அலைநீளத்தில் சுடர் பளிச்சென்று தெரியும். சுமார் 1,700 டிகிரி கெல்வின் சூடு, காட்டுத்தீ அதைவிடக் குறைவு. 2024இல் உலகம் முழுக்க 15,100 கோடி கனமீட்டர் எரிந்தது என்று உலக வங்கி சொன்னதும் இந்தக் கணக்கில்தான்.

குழாய்க்காரன்:
ஒன்றரை மணிகளை எத்தனை சேர்த்தாலும் ஒன்றரை மணிச் சராசரிதானே வரும்? பகலில் எரித்தது எங்கே போச்சு?

நீலவானம்:
"டிகிரி கெல்வின்" என்று ஒன்று கிடையாது. 1967லேயே டிகிரியை எடுத்துவிட்டார்கள். வெறும் கெல்வின்.

விண்நோக்கி:
நீலவானம், போன மாத மீத்தேன் இழையிலும் எழுத்துப்பிழைதான் பிடித்தீர்கள், கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. குழாய்க்காரன் சார், இப்போது இந்தக் கருவியோடு மூன்று செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன.

குழாய்க்காரன்:
மூன்றும் நள்ளிரவு ஒன்றரையை ஒட்டியே கடக்கின்றன! இன்னொன்று: அது அளப்பது வெப்பத்தை, வாயுவை இல்லை. நாடுகள் தந்த கணக்கோடு பொருத்தித்தான் கனமீட்டராக மாற்றினார்கள். பொய்க்கணக்கு என்று நீங்கள் திட்டும் அதே கணக்கு! சுடர் அணைந்து வாயு அப்படியே வெளியேறினால் இரவில் இந்தக் கருவிக்கு ஒன்றுமே தெரியாது.

நீலவானம்:
மீத்தேன் இழையில் நான் கேட்டதும் இதையேதான். அன்றைக்கு என்னைத்தான் எல்லோரும் ஏறி மிதித்தீர்கள்.

விண்நோக்கி:
கம்பெனி தரும் தாளைவிட வானத்திலிருந்து பார்ப்பது எவ்வளவோ மேல். எண்ணெய் வயலில் நின்றதாலேயே எல்லாம் தெரிந்துவிடுமா?

குழாய்க்காரன்:
பகலில் எரித்ததற்குப் பதில் சொல்லுங்கள். மூன்றாவது தடவை கேட்கிறேன்.

நீலவானம்:
முதலில் அந்த டிகிரியைத் திருத்தச் சொல்லுங்கள்.