ஃபாக்னர் படிச்சா தலை சுத்துது, நாட்ஜா படிச்சா கோபம் வருது. உங்களுக்கெல்லாம் எப்படி இருந்துச்சு?

மாடிப்படி வாசகி:
எம்.ஏ இங்கிலீஷ் கடைசி வருஷம். பேப்பர்ல வில்லியம் ஃபாக்னரோட 'தி சவுண்ட் அண்ட் தி ஃப்யூரி' இருக்கு, செமினாருக்கு சர்ரியலிசம் (கனவு, அடிமனசுலேர்ந்து எழுதுற இயக்கம்) குடுத்துட்டாங்க, அதுக்கு ஆந்த்ரே ப்ரெத்தோனோட 'நாட்ஜா'. ஃபாக்னர்ல மொதப் பக்கத்துலயே வேலிக்கு அந்தப்பக்கம் யாரோ அடிக்கிறாங்க, கொடிய எடுக்குறாங்க, திரும்ப வைக்கிறாங்க, அது கோல்ஃப்னே லேட்டாதான் புரிஞ்சுது, ஒருத்தன் 'கேடி'ன்னு கூப்பிட்டதும் கதை சொல்ற பென்ஜி முனக ஆரம்பிக்கிறான், ஏன்னு யாரும் சொல்லல. ஒரு வரியில குழந்தையா இருக்கான், அடுத்த வரியில முப்பத்திமூணு வயசு ஆம்பள. குவென்டின்னு ஒரு பையன் வர்றான், அப்புறம் பாத்தா குவென்டின்னு ஒரு பொண்ணு! கைடு வாங்கி எழுதிரலாம்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க, ஆனா அப்படி பாஸ் பண்றதுல எனக்கு இஷ்டமில்ல. நாட்ஜா வாக்கியமெல்லாம் புரியுது, ஆனா படிக்க படிக்க எழுதுன அந்த ஆள் மேல கடுப்பாகுது. படிக்கும்போது உங்களுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு உண்மையா சொல்லுங்க ப்ளீஸ்.

கரும்பலகை:
கைடை அப்புறம் பாத்துக்கலாம் மா. நான் இந்த நாவலை காலேஜ்ல நடத்துறவன், வருஷா வருஷம் இதே கேள்விதான் வரும். பென்ஜி மனவளர்ச்சி குறைஞ்சவன், பேச்சு வராது, அவனுக்கு முன்ன பின்னன்னு எதுவும் கிடையாது, இருபத்தஞ்சு முப்பது வருஷத்துக்கு முந்தி நடந்ததும் அவனுக்கு இப்பவேதான் நடக்குது. ஒரே ஒரு பிடி இருக்கு, அவனை யாரு பாத்துக்குறாங்கன்னு கவனி. வெர்ஷ் கூட இருந்தா சின்னப்பையன், டி.பி.ன்னா கொஞ்சம் வளந்துட்டான், லஸ்டர்னா 1928. சாய்வெழுத்து வந்தா பெரும்பாலும் காலம் தாவுதுன்னு அர்த்தம். அந்த கோல்ஃப் மைதானம் முன்னாடி அவங்க குடும்பத்தோட புல்வெளி, அண்ணன் குவென்டினை ஹார்வர்டுக்கு அனுப்பவும் அக்கா கேடி கல்யாணத்துக்கும் வித்துட்டாங்க. விளையாடுறவன் மட்டைப் பையைத் தூக்குற பையனை 'கேடி'ன்னு கூப்பிடுறான், பென்ஜி காதுல அது வீட்டை விட்டுப் போன அக்கா பேரு. நீ குழம்புன அந்த மொதப் பக்கத்துலயே முழு நாவலும் இருக்கு. கேடி சென்ட் போட்டுக்கிட்டு வர்ற இடம் வந்தாச்சா? அவகிட்ட மர வாசனை வரும்னுதான் அவனுக்குத் தெரியும், அன்னைக்கு அது இல்லன்னதும் அழறான், அவளுக்குக் காரணம் புரிஞ்சதும் பாட்டிலைக் கொண்டுபோய் வீட்டுச் சமையக்காரம்மா டில்சிகிட்ட குடுத்துடுறா. இதுல எந்தக் குறிப்பும் வேண்டாம், பசங்க எல்லாருக்கும் அந்த இடம் நேரா உள்ள இறங்கும்.

ரயில்சிநேகம்:
சார் சொல்றது சரி, ஆனா ரெண்டாவது தடவை படிக்கிறவங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும். ரெண்டு மூணு தடவை படிச்சும் புரியலன்னு சொல்றாங்களேன்னு கேட்டதுக்கு நாலாவது தடவை படிக்கட்டும்னு ஃபாக்னரே ஒரு பேட்டியில சொல்லிருக்காரு, அஞ்சு பேப்பரோட ஓடுற செமஸ்டர்ல அதுக்கு எங்க நேரம்? கஷ்டமா இருந்தாலே பெரிய நாவல்னு நான் ஒத்துக்க மாட்டேன். 1925ல வந்த 'மிஸஸ் டாலவே'யும் நனவோடைதான் (மனசுல ஓடுற நினைப்பை அப்படியே எழுதுறது), லண்டன்ல ஒரே ஒரு ஜூன் நாள், ஆனா வர்ஜீனியா வுல்ஃப் ஒரு ஆள் மனசுலேர்ந்து இன்னொரு ஆள் மனசுக்குப் போகும்போது நம்ம கையைப் புடிச்சு கூட்டிட்டுப் போறாங்க. போர்லேர்ந்து திரும்பி வந்த செப்டிமஸ் பார்க்ல உக்காந்திருக்கிற பக்கங்கள்ல நான் ஒரு வரிகூட தொலைஞ்சு போகல, அழுதுட்டேன். பாடத்திட்டத்துல இதை முன்னாடி வச்சுட்டு ஃபாக்னருக்கு வந்தா நிறைய பேர் ஓடமாட்டாங்க.

ஈரக்குடை:
'நாட்ஜா' படிக்கும்போது வர்ற கோபத்தை விட்ராதீங்க அக்கா, அதுதான் உங்க வாசிப்பு. அதுல வர்ற நாட்ஜா கற்பனைப் பாத்திரம் இல்ல, லியோனா டெல்கூர்னு உண்மையான பொண்ணு, 1926 அக்டோபர்ல பாரிஸ் தெருவுல ப்ரெத்தோன் சந்திச்சாரு. 1927ல அவங்களை மனநல ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்க, கடைசிவரை வெளிய வரல, 1941ல இறந்துட்டாங்க. அவங்க என்ன ஆனாங்கன்னு விசாரிக்கக்கூட போகாததுக்கு மனநல மருத்துவத்து மேல இருந்த வெறுப்பையே காரணமா எழுதுறாரு. எனக்கு அங்கதான் புத்தகத்தைத் தூக்கிப் போடணும்னு வந்துச்சு. புத்தகம் முழுக்க போட்டோ இருக்கே, கஃபே இருக்கு, சிலை இருக்கு, அவர் நண்பர்கள் இருக்காங்க, நாட்ஜா வரைஞ்ச படம்கூட இருக்கு, 1928 பதிப்புல அவங்க முகம் மட்டும் இல்ல! 1963ல திருத்தி போட்டப்போ கண்ணை மட்டும் வெட்டி சேத்தாரு. நான் யாருன்னு தன்னைப் பத்திக் கேட்டுத்தான் மொத வரியே ஆரம்பிக்குது, அவ யாருன்னு அவர் உண்மையா தெரிஞ்சுக்கப் பாக்கவே இல்லன்னு எனக்குப் படுது. ஆனாலும் மூட முடியல, அந்தப் பொண்ணு பேசுற நாலு வரிக்காகவே மறுபடி மறுபடி எடுக்கிறேன்.

வேப்பங்குச்சி:
நான் இலக்கிய மாணவன் இல்ல, பி.எஸ்சி. என் தம்பிக்குப் பேச்சு வராது. ஸ்கூலுக்குப் போற ஆட்டோ ஒருநாள் வேற தெருவுல திரும்பிட்டா அவன் போடுற சத்தத்துக்கு ரோடே திரும்பிப் பாக்கும். ஃபாக்னர் நாவல் கடைசியில லஸ்டர் குதிரை வண்டியை ஊர்ச் சிலைக்கு வலப்பக்கம் ஓட்டாம இடப்பக்கம் ஓட்டிடுவான், பென்ஜி கத்துவான் பாருங்க, இன்னொரு அண்ணன் ஜேசன் வந்து வண்டியைத் திருப்புனதும் அமைதியாயிருவான். எந்த டாக்டரும் எங்க வீட்டுக்கு இவ்ளோ தெளிவா சொன்னதில்ல, பக்கத்துல இருக்கிறவங்களுக்கு அர்த்தமில்லாத சத்தம், அவனுக்கு உலகமே தப்பான பக்கம் போகுது. அதனால அது கஷ்டமான நாவலான்னு கேட்டா எனக்கு பதில் சொல்லத் தெரியல, எனக்கு நல்லாத் தெரிஞ்ச ஒருத்தன் அதுல இருக்கான்.

மாடிப்படி வாசகி:
எல்லாருக்கும் நன்றி, வேப்பங்குச்சி உங்களுக்கு தனியா. லஸ்டர், டி.பி. குறிச்சு வச்சுக்கிட்டு நேத்து ராத்திரி மறுபடி ஆரம்பிச்சேன், பென்ஜி பகுதி முடிஞ்சுது. செமினாருக்கு அந்த இல்லாத முகத்தையே எடுக்கப் போறேன். என்கிட்ட இருக்கிறது 1960ல வந்த இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு, அதுல கண்ணு படம் இருக்க வழியில்ல. 1963 பிரெஞ்சு பதிப்பு சென்னையில எங்க பாக்கலாம்?

ஈரக்குடை:
நுங்கம்பாக்கம் அலியான்ஸ் ஃப்ரான்சேஸ் லைப்ரரில கேட்டுப் பாருங்க அக்கா. செமினார் முடிஞ்சதும் பேப்பரை இங்க போடுங்க, நான் படிக்கணும்.