மளிகைக் கடைக்கு செல்போனையே பார்கோடு ஸ்கேனராக வைத்துக்கொள்ளலாமா?

மன்னார்குடி மருமகள்:
மாமனார் நாற்பது வருடம் நோட்டில் கணக்கெழுதி நடத்திய கடை. இப்போது கல்லாவில் நான். பழைய லேப்டாப்பில் எக்செல் திறந்து சரக்கு இருப்பை ஏற்றுகிறேன். ஸ்கேனர் வாங்கக் கையில் காசில்லை. போனில் ஒரு செயலி போட்டு, வைஃபை வழியாக லேப்டாப்போடு இணைத்திருக்கிறேன். சோப்பின் பார்கோடைப் படிக்கிறது, ஆனால் விலை வரமாட்டேன் என்கிறது. எக்செல்லிலும் முழு எண் இல்லாமல் 8.9 என்று தொடங்கி நடுவில் ஓர் ஆங்கில எழுத்தோடு ஏதோ விழுகிறது. சிப்ஸ் பாக்கெட் பளபளப்பில் படிக்கவே இல்லை. நாங்களே அரைக் கிலோவாகக் கட்டும் துவரம்பருப்புக்குக் கோடே கிடையாது. "என் நோட்டு எப்போது ஹேங் ஆகி நின்றது?" என்று மாமனார் வேறு கேட்கிறார்.

கும்பகோணம் கடைக்காரன்:
சகோதரி, அந்தக் கோட்டுக்குள் விலை இல்லை, 13 இலக்க எண் மட்டும்தான். 890 என்று தொடங்கினால் இந்தியாவில் பதிவு வாங்கிய எண். சரக்கு இங்கேதான் தயாரானது என்று அர்த்தமில்லை. கடைசி இலக்கம் முந்தைய 12-ஐ வைத்துக் கணக்குப் போட்டு வருவது, தப்பாகப் படித்தால் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். எண்ணுக்கு எதிரே விலையை நீங்கள்தான் ஒருமுறை ஏற்ற வேண்டும். கம்பெனி விலையைக் கூட்டினாலும் பல நேரம் கோடு மாறாது, கவனம். புதுச் சரக்கு சோப்பு ஒரு பெட்டி முழுக்க பழைய எம்.ஆர்.பி.யில் விற்றுவிட்டுத்தான் நான் கண்டுபிடித்தேன்.

எக்செல் பைத்தியம்:
ஸ்கேன் பண்ணும் முன்பே அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' ஆக மாற்றிவிடுங்கள் அக்கா. ஏற்கெனவே விழுந்தவை அழியவில்லை, 15 இலக்கம் வரை எக்செல் அப்படியே வைத்திருக்கும். 'நம்பர்' என்று மாற்றி, தசம இடத்தை 0 ஆக்கினால் வெளியே வரும்.
பருப்புக்கு 200 முதல் 299 வரையான எண்ணில் தொடங்கும் கோடுகளை நீங்களே உருவாக்கலாம். அவை கடைக்குள் சொந்த உபயோகத்துக்கென்றே ஒதுக்கியவை, வெளிச் சரக்கோடு மோதாது.

கும்பகோணம் கடைக்காரன்:
பொட்டலத்துக்குப் பொட்டலம் லேபிள் ஒட்டாதீர்கள், செலவு. எல்லாக் கோடுகளையும் ஒரே தாளில் அச்சடித்துக் கல்லா பக்கத்தில் ஒட்டுங்கள், அங்கேயே ஸ்கேன். சிப்ஸ் பாக்கெட்டை இழுத்துப் பிடித்து, டார்ச்சை அணைத்து, போனைக் கொஞ்சம் சாய்த்துக் காட்டுங்கள். பில் போட மட்டும் போனை நம்ப வேண்டாம். சாயங்காலக் கூட்டத்தில் அது ஃபோகஸ் பண்ணுவதற்குள் வரிசை வாசலுக்குப் போய்விடும், நடுவில் சம்பந்தியிடமிருந்து அழைப்பும் வரும். கையில் காசு சேர்ந்ததும் ஒயர் ஸ்கேனர் வாங்குங்கள்.

மன்னார்குடி மருமகள்:
நன்றி அண்ணா, தம்பிக்கும். எண் வந்துவிட்டது, சிப்ஸும் படிக்கிறது. புதிதாக ஒன்று: ஒரே சோப்பை 12 தடவை காட்டினால் ஒன்றுதான் விழுந்தது. அடுத்தடுத்து வரும் ஒரே எண்ணைத் தள்ளிவிடும் வசதி செயலியில் இருந்திருக்கிறது. இப்போது ஒரு சோப்பைக் காட்டிவிட்டு 12 என்று கையால் தட்டுகிறேன். எதிரே மாமனார் நோட்டோடு நிற்கிறார். அவர் கணக்கும் 12தான்.