மாங்காய் பழுக்க வைக்கும் வாயுவும் மல்ச்சிங் ஷீட்டும் ஒரே சரக்கா?

சந்தூர் தோப்பு:

வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டம், சந்தூர் பக்கம் நாலு ஏக்கர் மாந்தோப்பு. பெங்களூரா பெரும்பாலும் மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போய்விடும். செந்தூராவை இந்த வருஷம் முதல் தடவையாக மண்டிக்காரர் ஒருவரின் ரூமில் வைத்துப் பழுக்க வைத்தோம். கார்பைடு கல் தடை என்பதால் சிலிண்டர் வாயுதான். என்ன வாயு என்று கேட்டேன், எத்திலீன் என்றார்கள். வாசலிலேயே வாட்ச்மேன் என் பீடியை அணைக்க வைத்துவிட்டார்.

அதே வாரம் தக்காளிக்கு மல்ச்சிங் ஷீட் வாங்கப் போனால், கடைக்காரர் "ஒரிஜினல் பாலிஎத்திலீன்" என்கிறார். பெயரில் பாதி அதே எத்திலீன்! என் மாமனாரோ பிளாஸ்டிக் எல்லாம் குரூடு ஆயிலில் இருந்து வருகிறது என்கிறார். பழத்துக்கு வைக்கிற வாயு, தரையில் விரிக்கிற ஷீட், பெட்ரோல், மூன்றும் ஒரே குடும்பமா? அப்புறம், கவரில் போட்டு முடிந்து வைத்த மாங்காய் சீக்கிரம் பழுப்பது அந்தக் கவரில் இருக்கும் எத்திலீனாலா?

பாலக்கோடு வாத்தியார்:

முப்பது வருஷம் வேதியியல் நடத்தினேன், ஒரு பையன் கூட இப்படிக் கேட்டதில்லை. மாமனார் சொன்னது சரி.

குரூடு ஆயிலில் எத்திலீன் தயாராக இருக்காது. அதில் இருப்பவை பெரும்பாலும் கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்த, நீளம் நீளமான மூலக்கூறுகள். சுத்திகரிப்பு ஆலைக் கோபுரத்தில் காய்ச்சும்போது கொதிநிலைப்படி தனித்தனியாகப் பிரியும். பெட்ரோல் பிரியும் இடத்தை ஒட்டியே நாப்தா என்ற லேசான எண்ணெயும் பிரியும். அதை நீராவியோடு கலந்து சுமார் 850 டிகிரி சூட்டில் குழாய்க்குள் விடுவார்கள். ஒரு நொடிக்கும் குறைவான நேரம்தான், சங்கிலி துண்டு துண்டாகத் தெறித்துவிடும். அந்தத் துண்டுகளில் ஒன்று எத்திலீன். இயற்கை எரிவாயுவில் வரும் ஈத்தேனில் இருந்தும் எடுக்கிறார்கள்.

எத்திலீனில் இரண்டு கரி அணுக்கள் இரண்டு கையாலும் ஒன்றையொன்று பிடித்திருக்கும். ஒரு கையை விட்டுப் பக்கத்து மூலக்கூறைப் பிடித்தால், ஆயிரக்கணக்கில் கோத்துக்கொண்டே போகும். அதுதான் பாலிஎத்திலீன். ராயக்கோட்டைப் பக்கம் உதிரிப்பூவைச் சரமாகக் கட்டுவது போல. ஒரு வித்தியாசம், பூச்சரத்தைப் பிரித்தால் பூ பூவாகவே கிடைக்கும், இங்கே அப்படிச் சுலபத்தில் பிரிக்க முடியாது. ஆகவே உங்கள் கவர் எத்திலீன் தருவதில்லை. காய் பழுக்கும்போது தானே விடுகிற எத்திலீனை வெளியே போகாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். வைக்கோலுக்குள் புதைப்பதும் அதற்குத்தான். வாழைத்தாருக்குப் புகை மூட்டம் போடுவார்களே, அந்தப் புகையிலும் கொஞ்சம் எத்திலீன் உண்டு.

எனக்குப் பிடித்த ஒரு சங்கதி. 1933-இல் இங்கிலாந்தில் கிப்சன், ஃபாசெட் என்ற இருவர் எத்திலீனை அதிக அழுத்தத்தில் வேறொன்றோடு சேர்க்கப் பார்த்தபோது, பாத்திரத்தில் மெழுகு மாதிரி வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. அதுதான் பாலிஎத்திலீன். மறு வருஷமே, அதே நாட்டில், ரிச்சர்ட் கேன் என்பவர் பழுக்கிற ஆப்பிள் விடும் வாயு எத்திலீன்தான் என்று நிரூபித்தார். இரண்டு கதையும் ஒரே வருஷ இடைவெளியில்!

மணலி ரிடயர்டு:

வாத்தியார் ஐயா சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். பிளாஸ்டிக் எத்திலீனே விடாது என்று சொல்ல முடியாது. ஹவாய் பல்கலைக்கழகத்தில் 2018-இல் பார்த்திருக்கிறார்கள், வெயில் பட்ட பாலிஎத்திலீன் மீத்தேனும் எத்திலீனும் விடுகிறது. மிக மிகச் சொற்பம், மாங்காய்க்குப் போதாது. ஆனால் சரம் வெயிலில் அறுகிறது என்பது உண்மை. வெள்ளைக் கவர் மொட்டை மாடியில் கிடந்தால் நொறுங்கிப் போவது அதனால்தான். கறுப்பு ஷீட்டில், சொட்டுநீர்க் குழாயில் கரித்தூள் கலப்பது புற ஊதாக் கதிரை அதுவே வாங்கிக்கொள்ளத்தான்.

பீடி விஷயம்: பழத்துக்கு அனுமதி 100 பிபிஎம் வரை, அதாவது காற்றில் நூற்றில் 0.01 பங்கு. எத்திலீன் தீப்பிடிக்க நூற்றுக்கு 2.7 பங்காவது வேண்டும். ரூம் பயமில்லை, ஆனால் சிலிண்டர் வால்வு கசிந்தால் கதை வேறு. வாட்ச்மேன் சொன்னதைக் கேளுங்கள்.

சந்தூர் தோப்பு:

பீடியை விடச் சொல்லி வீட்டிலும் ஒரு வாட்ச்மேன் இருக்கிறார், போகட்டும். நீலம் வந்ததும் பத்து காய் வைக்கோலில், பத்து காய் கவரில், பத்து காய் சும்மா தரையில் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

பாலக்கோடு வாத்தியார்:

கவரில் நாலு ஓட்டை போடுங்கள். இல்லாவிட்டால் வேர்த்து, பழுப்பதற்கு முன்னால் காம்பு அழுகிவிடும்.